கொள்ளைநோய்க்குப் பின் ஒரு சிரிப்பு

சாவு நேர்ந்த வீட்டிலே சிரிப்பொலி கேட்டால் நாம் திடுக்கிடுகிறோம். ஆயினும் அதே வீட்டின் முற்றத்திலே, பந்தலின் கீழ் அமர்ந்திருக்கும் முதியவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு பழங்கதையை மெல்ல எடுப்பதும், இறந்தவரின் குறும்பொன்றை நினைந்து வாய்விட்டுச் சிரிப்பதும், சிரித்த கையோடு கண்ணைத் துடைப்பதும் நமது கிழக்குக் கரையில் எவரும் கண்டிராத காட்சிகளல்ல. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். இரண்டும் அண்டை வீட்டார். ஆனால் இடையிலே வேலி உண்டு. நகை பிறத்தற்குரிய காரணங்களாக அவர் சொன்னவை பிறரை இகழ்தலும், இளமையும், அறிவின்மையும், மடமையுமாகிய நான்கே. இழவு என்பது அழுகையின் பக்கத்திலே நிற்கிறது.

இந்த வேலியைத் தாண்டும் நாடகங்கள் இப்பொழுது உலகெங்கும் தோன்றுகின்றன. மேல்நாட்டார் அவற்றைக் கரிய நகைச்சுவை என்பர். அவலநகை என்று தமிழிலே வழங்கலாமென எனக்குத் தோன்றுகிறது. அவற்றுள்ளும் ஒருவகை, கொள்ளைநோயால் உலகமே அழிந்துபோன பின்பு எஞ்சியிருப்போரை வைத்துச் சிரிப்பூட்டுவது. நம் பிள்ளைகள் இரவிலே கைத்தொலைபேசியிற் பார்த்துச் சிரிக்கும் இத்தகைய தொடர்களை, அவர்களைக் கண்டிக்கும் நோக்கோடன்றி, என்னதான் இதிலே இருக்கிறதென்று அறியும் நோக்கோடு நானும் பார்த்தேன். அவற்றுள் ஒன்றைப் பற்றியும், அது எனக்கு நினைவூட்டிய நமது ஊர்ச் செய்திகள் சிலவற்றைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ என்பது அத்தொடரின் பெயர். பூமியின் கடைசி மனிதன் என்பது பொருள். அமெரிக்காவின் ஃபொக்ஸ் தொலைக்காட்சி 2015 மார்ச் 1 ஆம் திகதி இதனைத் தொடங்கி, 2018 மே மாதம் வரை நான்கு பருவங்களாக, 67 பகுதிகளாக ஒளிபரப்பியது. வில் ஃபோர்ட்டே என்னும் நகைச்சுவை நடிகர் இதனைப் படைத்துத் தலைமைப் பாத்திரத்தையும் தாமே ஏற்றார். கதை நிகழும் ஆண்டு 2020. நேயர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். வைரசு ஒன்று மனிதகுலத்தை அழித்துவிட்ட பின்னர் வரும் ஆண்டாக 2020 ஐ அவர்கள் தெரிந்தெடுத்தது வெறும் தற்செயலே. எனினும் உண்மையான 2020 வந்தபோது அத்தொடரைப் பார்த்திருந்தவர்கள் நெற்றியைச் சுருக்கியிருப்பார்கள்.

கதாநாயகன் பில் மில்லர் அறிஞனுமல்லன், வீரனுமல்லன். சாதாரணமான, சற்றுச் சோம்பேறியான, பொய் பேசத் தயங்காத மனிதன். அமெரிக்காவின் மாநிலங்களையெல்லாம் ஒரு பேருந்தில் ஏறிச் சுற்றுகிறான். ஓர் உயிரையும் காணாமல், வரைபடத்திலே மாநிலங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறான். டூசன் நகரில் தான் உயிரோடிருப்பதாக நெடுஞ்சாலைப் பலகைகளிலே எழுதி வைத்துவிட்டு, அரிசோனா மாநிலத்து அந்த நகரிலே ஒரு பெரிய மாளிகையிற் குடியேறுகிறான். அருங்காட்சியகத்து ஓவியங்கள் அவன் சுவரிலே தொங்குகின்றன. வெள்ளை மாளிகையின் கம்பளம் அவன் காலடியிலே கிடக்கிறது. கேட்பாரில்லை, ஆதலின் அதில் இன்பமும் இல்லை. பந்துகளுக்கு முகம் வரைந்து அவற்றோடு பேசுகிறான். நீச்சற்குளத்தைக் கழிப்பிடமாக்குகிறான். இறுதியில் வெறுமை தாளாது, வாகனத்தை ஒரு பெரும் பாறையை நோக்கிச் செலுத்துகிறான். அந்த நேரத்திலே தொலைவில் ஒரு புகை எழுகிறது. தடையை அழுத்துகிறான். அங்கே கரோல் என்றொரு பெண் இருக்கிறாள்.

பாடசாலை அதிபனாகிய எனக்கு இத்தொடரில் மிகவும் பிடித்த பாத்திரம் இந்தக் கரோல்தான். உலகத்திலே இருவர் மாத்திரமே எஞ்சியுள்ளனர் என்று இருவரும் நம்பியிருக்கும் வேளையிலும் அவள் அவனுடைய இலக்கணப் பிழைகளைத் திருத்துகிறாள். ஆங்கில வாக்கியத்தை இடைச்சொல்லிலே முடிக்கலாகாது என்னும் பழைய வகுப்பறை விதியை, வகுப்பறையே இல்லாத உலகத்திலும் அவள் கைவிடவில்லை. வீதிச் சந்தியிலே ‘நில்’ என்னும் பலகை இருந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்கிறாள். எதிரே வருவதற்கு வண்டியுமில்லை, தண்டிக்கப் பொலீசுமில்லை. திருமணம் செய்யாமல் அவனோடு வாழ முடியாது என்றும் சொல்லிவிடுகிறாள். மணம் செய்து வைக்கவோ சாட்சி சொல்லவோ ஆளில்லாத திருமணம் அது! இக்காட்சிகளிலே சிரித்துக்கொண்டிருந்த நான் ஓரிடத்திற் சிரிப்பை நிறுத்திவிட்டேன். 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபின், கல்முனைப் பிரதான வீதி காகமும் இறங்காத வெறும் தாராய்க் கிடந்தது. அந்த நாட்களிலே மனிதர் எப்படி நடந்துகொண்டனர் என்று எண்ணிப் பார்த்தேன். பள்ளிவாசல்களிலே பாங்கு ஒலித்தது. அதனோடு, வீடுகளிலேயே தொழுங்கள் என்னும் அறிவிப்பும் சேர்ந்து ஒலித்தது. வாழ்நாளெல்லாம் ஜும்ஆவைத் தவறவிடாத முதியவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலிலே குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தர் பூசித் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். போவதற்கு இடமில்லை, ஆயினும் உடுத்தியிருந்தார்கள். கரோல் வண்டியை நிறுத்தியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இத்தனை பாராட்டியபின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கோடிக்கணக்கானோர் இறந்த நாட்டிலே தொடரின் தொடக்கப் பகுதிகளில் ஒரு சடலத்தையும் காணோம். வீதிகள் துப்புரவாக இருக்கின்றன. கடைகளிலே தகரத்தில் அடைத்த உணவு அடுக்கியபடி இருக்கிறது. வீடுகளிலே கட்டில்கள் விரித்தபடி இருக்கின்றன. இறந்தவர்கள் எங்கே? யார் அவர்களைத் தூக்கினார்கள்? யார் குளிப்பாட்டினார்கள்? கதை பதில் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பு நின்றுவிடும் என்ற அச்சம் போலும். அமெரிக்க நேயர் இதைப் பொருட்படுத்தாது கடந்து செல்லலாம். நமது கரையிலே பிறந்தவனால் முடியாது. கொள்ளைநோய்க் காலம் முழுவதும் நம்மை உறங்கவிடாத கேள்வி இதுவே.

இஸ்லாமிய மார்க்கச் சட்டத்திலே ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது நல்லடக்கம் செய்வது பர்ளு கிபாயா எனப்படும். ஊரிலே சிலர் செய்துவிட்டால் அனைவரின் கடமையும் தீர்ந்தது. ஒருவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். இந்த விதியைக் கையிலே வைத்துக்கொண்டு பில் மில்லரின் தனிமையை நோக்கினால் அதன் கொடுமை வேறுவிதமாகத் தெரிகிறது. அவனுக்குப் பேச ஆளில்லை என்பது சிறிய துன்பம். அவனை அடக்க ஆளில்லை என்பதே பெரிய துன்பம். பாறையை நோக்கி வண்டியைச் செலுத்தியவன் புகையைக் கண்டு ஏன் நிறுத்தினான் என்பதற்குத் தொடர் சொல்லும் காரணம் துணை. நான் காணும் காரணம் இது.

கொள்ளைநோயையும் பஞ்சத்தையும் நகைச்சுவையோடு சேர்த்தெழுதுவது தொலைக்காட்சி கண்டுபிடித்த புதுமையன்று. 1348 ஆம் ஆண்டுப் பெருங்கொள்ளைநோயின்போது பிளாரன்சு நகரை விட்டோடிய பத்து இளையோர் தமக்குள் நூறு கதைகள் சொல்லிக்கொண்டதாக இத்தாலியப் புலவர் பொக்காச்சியோ எழுதினார். அக்கதைகளிற் பல விலா நோகச் சிரிக்கவைப்பவை. ஆனால் அது நோயை விட்டு விலகி நின்று சிரித்த சிரிப்பு. அதே நோய் சிரியா நாட்டு அலெப்போ நகருக்கு வந்தபோது, அங்கே வாழ்ந்த இப்னுல் வர்தி என்னும் அறிஞர் ஓர் உரைநடைச் சிறுநூல் எழுதினார். நோயை நாடு நாடாகப் படையெடுத்துவரும் அரசனைப்போல உருவகித்து, சிலேடையும் எள்ளலும் கலந்து எழுதினார். 1349 இல் அந்த நோயே அவரையும் கொண்டுபோயிற்று. நகரை விட்டு ஓடாதவரின் சிரிப்பு அது.

நமது மொழியிலும் ஓர் அரிய சான்று உண்டு. 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிச் சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்றொரு நூல் பாடினார். மதுரைச் சோமசுந்தரக் கடவுள், பட்டினியால் வாடிவந்த தம் அடியார்களைக் காப்பாற்றத் தம்மாலே இயலாதென்று சிவகங்கைச் சமீன்தாருக்குக் கடிதம் எழுதுவதாக அமைந்த நூல் அது. கடவுளே ஜமீன் வாசலுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தனுப்புகிறார்! படிப்பவன் சிரிக்கிறான், சிரித்த மறுகணத்திலே, கடிதத்தைக் கையிற் பிடித்து நிற்பவனின் ஒட்டிய வயிறு நினைவுக்கு வருகிறது. நமது உயர்தர மாணவர்களின் கண்ணிற் பெரிதும் படாத நூல் இது. படவேண்டும் என்பது என் விருப்பம்.

இனி நமது கரைக்கு வருவோம். இலங்கையிலே கொரோனாவால் முதல் மரணம் 2020 மார்ச் 28 ஆம் திகதி நிகழ்ந்தது. அடுத்த சில நாட்களுக்குள் நீர்கொழும்பிலே இறந்த முஸ்லிம் ஒருவரின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி வந்தது: இந்நோயால் இறப்போர் அனைவரும் தகனம் செய்யப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்கும் தகனத்துக்கும் இடந்தந்திருந்தது. இங்கே சொல்லப்பட்ட காரணம், புதைத்தால் கிருமி நிலத்தடி நீரிலே கலந்துவிடும் என்பது. நீதிமன்றத்தை நாடியவர்களின் மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1 ஆம் திகதி விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அந்நாட்களிலே அக்கரைப்பற்று தனிமைப்படுத்தப்பட்டிருந்தது. நோயைவிட, நோயால் இறந்தால் என்னாகும் என்ற பயமே நம்மூர் வீடுகளில் மிகுந்திருந்தது. காய்ச்சலை மறைத்தவர் உண்டு. மருத்துவமனைக்குப் போக மறுத்த மூதாட்டிகள் உண்டு. சாவுக்கு அஞ்சாதவர்கள் சாவுக்குப் பின்னர் நிகழப்போவதற்கு அஞ்சினார்கள்.

அதே டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு செய்தி வந்தது. இலங்கை ஜனாதிபதியின் வேண்டுகோளின்படி, இலங்கை முஸ்லிம்களின் ஜனாஸாக்களைத் தம் நாட்டிலே அடக்கம் செய்ய உதவுவது பற்றி ஆலோசிக்கப்படுவதாக மாலைதீவின் வெளிநாட்டமைச்சர் அறிவித்தார். நேயர்களே, எந்த அமெரிக்க நாடகாசிரியன் இதைக் கற்பனை செய்திருப்பான்? உயிரோடிருக்கும் மனிதன் கொழும்புக்குப் போவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த நாட்களிலே, இறந்தவன் கடல் கடந்து அயல்நாடு போகவேண்டும்! எங்கள் ஊர்த் தேநீர்க்கடையிலே, முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டிருந்த ஒரு மீனவர் சொன்னார்: “உயிரோட இருக்கக்கொள்ள ஒரு பாஸ்போட் எடுக்க வழியில்ல. மௌத்தாப் போனா எனக்கும் வெளிநாட்டுப் பயணம் கிடைக்கும் போல.” கடையிலிருந்த அனைவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலே ஒரு துளியும் மகிழ்ச்சி இருக்கவில்லை.

அந்த மீனவரின் பேச்சு எனக்கு ஒன்றைத் தெளிவாக்கிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் இதே ஊர்களுக்குள் புகுந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையை வழித்தெடுத்துச் சென்றது. இலங்கையின் மாவட்டங்களுள் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறையே, பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அந்த அழிவைப்பற்றி ஒரு நகைச்சுவையாவது நம்மூரிலே பிறந்ததாக நான் கேள்விப்படவில்லை. பதினாறு ஆண்டுகளின் பின் வந்த நோயிலே, அதைவிட மிகக் குறைந்த உயிர்ச்சேதத்துக்கிடையே, தேநீர்க்கடை தோறும் அவலநகை பிறந்தது. ஏன்? கடலுக்கு மடமை இல்லை. அது சுற்றறிக்கை அனுப்புவதில்லை; நேற்றைய கட்டளையை இன்று மாற்றுவதில்லை. கடலை இகழ்ந்து சிரிக்க முடியாது. நோய்க்கும் மடமை இல்லை. நோயை நிர்வகித்தவர்களின் கட்டளைகளுக்கு இருந்தது. தொல்காப்பியரின் வேலி இடியவேயில்லை என்று அன்று எண்ணினேன். அவலநகை சாவைப் பார்த்துச் சிரிப்பதன்று; சாவைச் சுற்றி நின்று உயிரோடிருப்போர் செய்யும் காரியங்களைப் பார்த்துச் சிரிப்பது. பில் மில்லரும் அவ்வாறே. மனிதரில்லையே என்று அழுதவன், டோட் என்றொரு மனிதன் வந்து சேர்ந்ததும் அவனைப் பாலைவனத்திலே கைவிட்டுவர எண்ணுகிறான். சிரிக்கிறோம். வைரசு அங்கே சிரிப்புக்குப் பொருளாகவில்லை.

நாட்டின் ஏனைய பகுதிகளிலும் இத்தகைய காட்சிகள் குறைவின்றி நடந்தன. 2020 நவம்பரிலே அன்றைய சுகாதார அமைச்சர் மந்திரித்த நீர்க்குடங்களை ஆற்றிலே விட்டார். டிசம்பரிலே கேகாலைப் பகுதி மனிதர் ஒருவர் தயாரித்த பாணியைப் பகிரங்கமாக அருந்தினார். ஆயிரக்கணக்கானோர் அந்தப் பாணிக்காகத் தோளோடு தோள் உரச வரிசையில் நின்றனர். 2021 ஜனவரியிலே அமைச்சருக்கே நோய் தொற்றிற்று. அவர் குணமடைந்ததும் நல்லதே. இதற்குமேல் இதைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; தேன் கலந்த மருந்தின்மேல் நம்பிக்கை வைத்தவர்களுள் நம்மவரும் இருந்தார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் நகையாக்கிவிட முடியாது. அதே டிசம்பரிலே கொழும்பில், பிறந்து இருபது நாட்களேயான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மாத்திரமல்லர், எல்லா இனத்தவரும் கட்டினார்கள். கபன் துணியின் நிறம் அது. அந்த வேலியைப் பற்றி எவரேனும் ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதினால் அந்தக் காட்சியிலே ஒருவரும் பேசாதிருக்க வேண்டும்.

2021 பெப்ரவரி 25 ஆம் திகதி கட்டளை மாறியது; அடக்கம் செய்யலாம். எங்கே? மார்ச் முதல் வாரத்திலே கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு என்று அறிவித்தனர். கடற்படையிடமிருந்து தம் தீவைப் போராடித் திரும்பப் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த மீனவ மக்கள், தங்களிடம் கேளாமலே தங்கள் தீவை இடுகாடாக்குவதை எதிர்த்தார்கள். நியாயமே. பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே மஜ்மா நகர் என்னும் இடம் தெரிவாகி, மார்ச் 5 ஆம் திகதி முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. மாலைதீவிலிருந்து இரணைதீவு, இரணைதீவிலிருந்து ஓட்டமாவடி. ஆறடி நிலத்துக்காக இத்தனை நெடும்பயணம்! அடுத்த ஓராண்டு முழுவதும் நாட்டின் எந்த மூலையிலே இறந்தாலும், அடக்கம் வேண்டுமென்றால் அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே கிடக்கின்றனர். அவர்களிலே மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆயினும் இந்துக்களும் பௌத்தர்களும் கிறித்தவர்களும் உளர். 2024 ஜூலையிலே அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

மீண்டும் அந்தத் தொடருக்கு வருகிறேன். 2017 மார்ச்சிலே ஒளிபரப்பான ஒரு பகுதியில் கதை பின்னோக்கிச் சென்று, நோய் பரவத் தொடங்கிய நாட்களைக் காட்டுகிறது. செல்வர் வீட்டு விருந்துகளிலே முதலிற் கேலிப்பேச்சு, பிறகு முகக்கவசம், பிறகு தொலைக்காட்சியிலே ஜனாதிபதியின் இறுதிச்சடங்கு. அவருக்குப்பின் பதவியேற்றவரின் இறுதிச்சடங்கு. அவருக்கும் பின் வந்தவரின் இறுதிச்சடங்கு. கொரோனாவுக்கு மூன்று ஆண்டுகள் முன்னே எடுத்த காட்சி அது. தொடர் முழுவதிலும் நெஞ்சைத் தொட்ட பகுதியாக நான் கருதுவது இதனையே. காரணம், இறந்தவர்கள் இங்கே மறைக்கப்படவில்லை. சிரிப்பும் இங்கே குறையவில்லை, ஆழமாயிற்று. இதனை எழுதத் தெரிந்தவர்கள் முதற் பருவத்தின் வீதிகளை அத்தனை துப்புரவாக வைத்திருக்க வேண்டியதில்லை.

அத்தொடர் முடிவு பெறாமலே நின்றுபோயிற்று. கடைசிப் பகுதியிலே, எஞ்சியிருந்த சிலரையும் நிலத்தடியிலிருந்து வெளிவந்த ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. அத்துடன் திரை விழுகிறது. ஐந்தாம் பருவம் எடுக்கப்பட்டிருந்தால் நிகழ்ந்திருக்கக் கூடியதைப் பின்னர் வில் ஃபோர்ட்டே விளக்கினார். கதாநாயகனும் அவன் கூட்டாளிகளும் நோயாலே பாதிக்கப்படாதவர்கள். ஆனால் நோயைச் சுமப்பவர்கள். அவர்களை நம்பி ஏற்றுக்கொள்ளும் அந்த நிலத்தடி மக்கள் அவர்களாலேயே அழிந்துபோவார்கள். நகைச்சுவைத் தொடருக்கு இத்தகைய முடிவை எண்ணியவரின் துணிவை நான் மதிக்கிறேன்.

நம்மவருள் எழுதத் தெரிந்த இளைஞர் பலர் உளர். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் குறும்படம் எடுப்போரும் உளர். அவர்களுள் எவரேனும் இந்த மூன்று தீவு, ஒரு காட்டுக் கதையை எழுத முற்பட்டால்—நமது தீவையும் சேர்த்தே மூன்று என்கிறேன்—அதிபன் என்ற முறையிலே சில யோசனைகள் சொல்வேன். வைரசைப் பாத்திரமாக்க வேண்டாம். அமைச்சரை வில்லனாக்கவும் வேண்டாம், அது எளிது. ஒரு கோப்பைப் பாத்திரமாக்குங்கள். நிலத்தடி நீரின் ஆழம் எழுதிய அந்தக் கோப்பு, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகட்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு நல்ல மனிதர் இருக்கட்டும். ஒவ்வொருவரும் தம் கையெழுத்துக்குக் கீழே, மேலதிகாரியின் கருத்துக்கு என்று எழுதி அனுப்பட்டும். இதற்கிடையே, மருத்துவமனைப் பிணவறை வாசலிலே ஒரு மகன் கபன் துணிப் பொதியைக் கையிலே வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். தேநீர்க்கடை மீனவரையும் எங்காவது ஓரிடத்திலே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பேச்சை எழுத்துத் தமிழாக்கிவிட வேண்டாம். திகதிகளை மாற்ற வேண்டாம். உரையாடலுக்கு அதிகம் சிரமப்படவும் தேவையில்லை; வேண்டிய வசனங்களிற் பாதி அந்த ஆண்டு வர்த்தமானிகளிலேயே கிடைக்கும்.